ஒட்டுப்பையின் விலை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல் மாணவி)

முதலாண்டில் நான் நம் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த அன்று என் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. என் தாய் தைத்துத் தந்தது. பல நிறத் துண்டுகளை ஒட்டி, நடுவில் பழைய வேட்டியை மடித்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டிய தடிப்பான பை. அதன் ஒரு பக்கத்தில், நட்ட நடுவே, நான்கு அங்குலச் சதுரமாக ஒரு துண்டு. அது எட்டாம் வகுப்பில் நான் உடுத்திய விலையில்லாச் சீருடைத் துணி. பேருந்தை விட்டு இறங்கியதும் அந்தப் பக்கம் வெளியே தெரியாதவாறு உடலோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டேன். மூன்று மாதம் அப்படித்தான் நடந்தேன். நண்பர்கள் எவரும் என்னை எள்ளி நகையாடியதில்லை. நகைப்பார்கள் என்று நானே எண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பை இன்றும் உழைக்கிறது. கைப்பிடி மட்டும் ஒருமுறை மாற்றினோம். ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பழைய வெட்கம் அன்று. சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த விற்பனைக் கண்காட்சியில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. படித்தவள் செய்த பிழை. பொருளியல் படித்தவள் செய்தாள் என்பது இன்னும் பெரிய வெட்கம். அதைச் சொல்லுமுன் இந்தப் பை எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை அறியாதவர்களுக்கு விலையைப் பற்றிய என் வழக்கு விளங்காது.

என் தாய்க்குத் தையல்கடை என்று தனியே ஒன்றுமில்லை. வீட்டுத் திண்ணைதான் கடை. அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்த மிதிப்பொறி ஒன்றுதான் முதலீடு. பெரும்பாலும் ரவிக்கை, பாவாடை, சிறுமியர் சட்டை. எந்தத் துணியையும் வடிவத்துக்கு வெட்டினால் மிச்சம் விழத்தான் செய்யும். ஆடை உற்பத்தியில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு துணி வெட்டுக் கழிவாகிறது என்று கணக்கிடுவர். ரவிக்கையில் கைக்குழி வளைவு, கழுத்து வட்டம், ஓரப்பட்டை ஆகியவை மிஞ்சும். உள்ளங்கை அளவு தொடங்கி ஒரு முழம் வரை இருக்கும்.

இந்த மிச்சம் யாருக்குச் சொந்தம்? நகைப்புக்குரிய வினாவாகத் தோன்றலாம். எங்கள் திண்ணையில் இது பெரிய வழக்கு. துணி வாடிக்கையாளருடையது, ஆகவே மிச்சமும் அவருடையதுதான். எங்கள் தெருவில் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ரவிக்கையை வாங்கும்போது மிச்சத் துணியையும் கேட்டு வாங்கி, விரித்துப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் படியிறங்குவார். பிற்காலத்தில் கிழிந்தால் ஒட்டுப்போட அதே துணி வேண்டுமாம். அம்மா அவரைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மற்றவர்களிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் மிச்சத்தை எடுத்துக்கொள்வார். எவரும் வேண்டாம் என்று விட்டுச் செல்வதே எங்கள் சாக்கில் சேரும்.

சாக்கு நிறைந்தால் பிரிக்கும் வேலை தொடங்கும். பலரும் நினைப்பதுபோல நிறம் பார்த்துப் பிரிப்பதன்று அது. முதலில் கனம் பார்க்க வேண்டும். மெல்லிய வாயிலும் தடித்த கால்சட்டைத் துணியும் ஒரே தையலில் சேர்ந்தால், சில மாதத்தில் தடித்தது மெல்லியதைக் கிழித்துவிடும். அடுத்து நெசவா, பின்னலா என்று பார்க்க வேண்டும். திருப்பூரில் வேலை செய்யும் என் மாமா ஒருமுறை ஒரு மூட்டை பனியன் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். அழகான நிறங்கள். ஆசைப்பட்டு ஒட்டினோம். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பதை மறந்தோம். தைத்து முடித்ததும் பையின் முகம் அப்பளம்போல் வளைந்து நின்றது. அன்றிலிருந்து பனியன் துணி எங்கள் பைகளின் நடு அடுக்குக்குள் மட்டும் போகும். அங்கே அது மெத்தென்று இருக்கும், யாருக்கும் தெரியாது.

மூன்றாவது சாயம். இதையும் பட்டுத்தான் கற்றோம். சிவப்பு ரவிக்கைத் துண்டு ஒன்றை நனைத்துப் பார்க்காமல் ஒட்டிய பை, முதல் மழையிலேயே தன் வெள்ளைச் சதுரங்களை எல்லாம் இளஞ்சிவப்பாக்கியது. வாங்கியவர் நல்லவர், திருப்பித் தரவில்லை. இப்போது எல்லாத் துண்டும் ஒரு இரவு தண்ணீரில் ஊறும். சாயம் விடுவது தள்ளுபடி. ஊறவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுருங்க வேண்டியது தைக்குமுன்பே சுருங்கிவிடும்.

பிறகு இஸ்திரி போட்டு, பட்டைகளாக வெட்டி, ஒரு சிறு சதுரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். இது தவறினால் பையின் மூலைகள் ஒன்றுக்கொன்று சேரா. பதினான்கு அங்குல அகலமும் பதினாறு அங்குல உயரமும் வந்ததும், அதன் அடியில் பழைய வேட்டியோ துண்டோ ஒரு அடுக்கு, அதற்கும் அடியில் உட்புறத் துணி. மூன்றையும் சேர்த்து ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கோடாகத் தைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும்; ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி கொப்பளித்து நிற்கும். அடிப்பாகத்துக்கும் கைப்பிடிக்கும் பழைய ஜீன்ஸ். கைப்பிடி சேரும் இடத்தில் ஆறேழு அடுக்குத் துணி வந்துவிடும். அங்கே சிறிய ஊசி போட்டால் உடைவது உறுதி. பதினெட்டாம் எண் ஊசி போட்டு, மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் அம்மா அந்தப் பெட்டித் தையலைப் போடுவார்.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துண்டுகளை ஒட்டித் தைப்பது மிகப் பழைய கலை. பௌத்தத் துறவியரின் சீவர ஆடை மகத நாட்டு நெல்வயல்களின் வரப்புகளைப்போல் துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட வேண்டும் என்று புத்தர் ஆனந்தரிடம் கூறியதாக விநய நூல் சொல்கிறது. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் ‘காந்தா’ செய்தனர்; சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல் நூலாயிற்று. வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கௌதி’ என்னும் போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிகிறது. நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் வெட்டி ஒட்டிய துணி வேலையே. தேரில் தொங்கினால் கலை, தோளில் தொங்கினால் கந்தல் என்று நினைத்தவள் நான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கறுப்பின மக்கள் சிற்றூர். வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த துணிகளைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க் நகரின் விட்னி கலைக்கூடத்தில் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006இல் அஞ்சல் தலைகளிலும் ஏறின. ஆனால் எனக்கு இந்தப் பெருமையைவிட முக்கியமாகப் படுவது 1966ஆம் ஆண்டு. அவ்வாண்டு அப்பகுதிப் பெண்கள் தங்கள் போர்வைகளை விற்கக் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். கலைக்கூடம் அவர்களைத் தேடி வருவதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, தங்கள் உழைப்புக்கு விலை உண்டு என்று அவர்கள் கருதினார்கள்.

இனிப் பிளாஸ்டிக் பற்றி. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதற்குப் பின் நடந்தது என்ன? எந்த விழாவுக்குப் போனாலும் ஒரு புதுத் துணிப்பை. கருத்தரங்கில் ஒன்று, திருமணத்தில் ஒன்று, கடைத் திறப்பில் ஒன்று. எங்கள் வீட்டுக் கொடியில் மட்டும் இப்படி வந்தவை பதினேழு தொங்குகின்றன. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பதினேழில் நாங்கள் கையில் எடுத்துச் செல்வது இரண்டு.

புதுப் பருத்திப் பை பிளாஸ்டிக்குக்கு மாற்று என்பது எவ்வளவு தூரம் மெய்? டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டால், சாதாரணப் பருத்திப் பை ஒன்று கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டும் என்றது. எல்லா வகைச் சுற்றுச்சூழல் கேடுகளையும் கருதினால் 7,100 முறை. வாரம் ஒரு சந்தை என்று வைத்தால் 136 ஆண்டுகள்! இந்தப் பெரிய எண்ணைக் காட்டிப் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. அது நேர்மையன்று. தெருவிலும் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் சேரும் பிளாஸ்டிக்கின் கேட்டை அந்த ஆய்வு எடைபோடவில்லை. 7,100 என்பதும் ஓசோன் படலத்துக்கு நேரும் தீங்கு என்ற ஒரே அளவையால் வந்த எண். ஆயினும் 52 என்ற சிறிய எண்ணே போதும் நம்மை வெட்கப்படுத்த. கொடியில் தொங்கும் பதினைந்து பைகளும் ஐந்து முறைகூட வெளியே போகவில்லையே.

பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்க மின்சாரம் வேண்டும். சாயமிடுவதன் விலையை நொய்யல் ஆற்றைப் பார்த்த கொங்கு நாட்டவருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட நேர்ந்தது. அந்த விலையை எல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடித்த துணிதான் எங்கள் சாக்கில் கிடக்கும் மிச்சம். பை செய்ய வேண்டுமானால் அதிலிருந்து செய்வதே முறை என்பது என் துணிபு. இப்போது வேறொரு வேடிக்கையும் நடக்கிறது. நகரத்துக் கண்காட்சி ஒன்றில் ஒட்டுப்பை ஒன்றைக் கண்டு ஆசையோடு கையில் எடுத்தேன். எல்லாத் துண்டும் புத்தம் புதிய அச்சுத் துணி. ஒட்டுப்போட்டதுபோல் தோன்றுவதற்காக முழுத் துணியை வெட்டித் துண்டாக்கியிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

எதிர்வாதம் ஒன்றையும் இங்கே ஏற்றுக்கொள்கிறேன். வெட்டுக் கழிவு எல்லாம் வீணாகிறது என்று சொல்வது சரியன்று. பனியன் கழிவு எடை போட்டு விற்கப்படுகிறது. லாரிப் பட்டறையில் கை துடைப்பது முதல், மீண்டும் பஞ்சாக்கி நூலாக நூற்பது வரை அதற்குப் பயன் உண்டு. ஆலைக் கழிவுக்குச் சந்தை இருக்கிறது. சந்தை இல்லாதது திண்ணைத் தையல்காரரின் சாக்குக்குத்தான். இரண்டு கிலோ கலப்புத் துணியை எவரும் வாங்க வரமாட்டார். தலையணைக்குள் போகாதது குப்பை மேட்டில் எரியும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

கண்காட்சிக்காக அம்மாவிடம் 22 பைகள் கேட்டேன். நாற்பது நாள், இரவு சமையல் முடிந்தபின் உட்கார்ந்து தைத்தார். விலை என்ன போடலாம் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. “துணி ஓசி, நூல் மட்டும்தானே செலவு” என்று எனக்குள் கணக்குப் போட்டு 100 ரூபாய் என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அப்போதும், “வெட்டுத் துணிதானே, அறுபதுக்குக் கொடேன்” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டதும் நான் எழுதியதும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவைதாம். மாலைக்குள் 22 பைகளும் விற்றுத் தீர்ந்தன. 2,200 ரூபாயைக் கொண்டுபோய் வெற்றிப் பெருமிதத்தோடு அம்மாவின் கையில் வைத்தேன்.

அம்மா பணத்தை எண்ணினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கோபமில்லாமல்தான் கேட்டார்: “ஏங்கண்ணு, சாதா ரவிக்கைக்கு நூத்தியிருபது வாங்கறேன். அத ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுருவேன். இந்தப் பை ஒண்ணுக்கு மூன்றரை மணி நேரமாச்சே?”

அன்றிரவு என் பாடக் குறிப்பேட்டின் பின்புறத்தில் கணக்கிட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு 120 என்றால் மணிக்கு 80 ரூபாய். மூன்றரை மணிக்கு 280. நூல், ஊசி, இஸ்திரிக்கு 15. ஆக, பையின் விலை 295. நான் விற்றது 100. பைக்கு 195 வீதம் 22 பைக்கு 4,290 ரூபாயை என் தாயிடமிருந்து எடுத்து, வாங்கியவர்களுக்கு நான் தானம் செய்திருக்கிறேன். புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வருகிறது. அதில் நான்கு மாதத் தொகைக்கும் மேல் இது. அரசு எனக்குத் தந்ததை, நான் என் தாயிடம் எடுத்துவிட்டேன். உழைப்பின் மதிப்பு பற்றி அந்தப் பருவத் தேர்வில் நான் எழுதிய ஐந்து பக்க விடைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

‘கழிவு’ என்ற சொல்தான் இந்தக் கண்கட்டு வித்தையைச் செய்கிறது. மூலப்பொருள் இலவசம் என்றதும் அதன்மேல் செலவான உழைப்பும் இலவசமாகிவிடுகிறது. உண்மையில் நேர்மாறு. முழுத் துணியில் பை தைத்தால் இரண்டு வெட்டு, நான்கு தையல், முடிந்தது. மிச்சத் துணியில் தைத்தால் பிரிக்க, ஊறவைக்க, இஸ்திரி போட, பொருத்த என்று வேலை பல மடங்கு. துணி மலிவாக ஆக உழைப்பு கூடுகிறது. வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் நேரத்துக்கு வருகைப் பதிவேடு கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தைத்தது வேலை என்றே எவரும் எண்ணுவதில்லை, பெற்ற மகள் உட்பட.

அப்படியானால் பையை 295 ரூபாய்க்கு யார் வாங்குவர்? நம்மில் பலரால் இயலாது, என்னாலும் இயலாது. ஆகவே இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்தோம். ஒன்று, பத்துப் பைகளை ஒருசேரத் தைப்பது. எல்லாத் துண்டையும் ஒரே நாளில் வெட்டி, நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறியில் ஓடவிட்டு, பிறகு மொத்தமாக இஸ்திரி போட்டால், பைக்கு இரண்டு மணி நேரமே ஆகிறது. அப்போது 160உம் 15உம் சேர்ந்து 175. இரண்டாவது, எல்லாப் பையும் அடுக்குத் தையல் பையாக இருக்க வேண்டியதில்லை. காய்கறிக்குப் பழைய திரைச்சீலையிலோ கால்சட்டையிலோ ஒற்றை அடுக்குப் பை போதும். இருபது நிமிட வேலை, முப்பது ரூபாய்க்குத் தரலாம். கத்தரிக்காய்க்கு மெத்தை எதற்கு? அடுக்குப் பை புத்தகத்துக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் உரியது. அங்கேதான் அதன் தடிப்பு பயன்படும்.

நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டு விழாவுக்கும் கருத்தரங்குகளுக்கும் அச்சிட்ட புதுப் பைகளை வெளியூரிலிருந்து வரவழைப்பதை நிறுத்தலாம். நம்மோடு படிக்கும் மாணவ மாணவியரின் தாய்மாரில் தையல் தெரிந்தோர் எத்தனை பேர் என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டாலே தெரிந்துவிடும். என் வகுப்பில் மட்டும் பதினோரு பேர். அவர்களிடம் பைகளை மணிக்கணக்குப்படி விலை கொடுத்து வாங்குவோம். எண்ணிக்கை குறையும் என்றால் குறையட்டும். விருந்தினர் அனைவருக்கும் பை தந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பொன்னாடையும் அப்படித்தான். போர்த்திய பொன்னாடைகள் பெரியோர் வீட்டு அலமாரிகளில் உறங்குவதாகக் கேள்வி. வழுக்கும் துணிதான், தைக்கச் சிரமம். தந்தால் ஓரப்பட்டைக்கு ஆகும் என்று அம்மா சொல்கிறார். தமிழ்த்துறையில் பேராசிரியர் ஒருவர் ஏற்கெனவே ஆறு பொன்னாடைகளைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

இவ்வாண்டுக் கண்காட்சிக்கு முப்பது பைகள் தயாராகின்றன. ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டை அம்மாவே தம் கையால் எழுதுகிறார்: 180 ரூபாய். கீழே ‘பேரம் இல்லை’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

“கேக்கறவீங்க கேக்கட்டும் கண்ணு. நீதான் படிச்சிருக்கயே, கணக்கச் சொல்லு.”